அப்பாவுக்குத் தோலில் ஒரு மாங்கொழுந்து

ஷெரிடன், வயோமிங்
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் மருமகளுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. பாப்பா தூங்கிவிட்டாள். வெளியே முழங்கால் அளவு பனி. போனில் பேசினால் "கேக்கலை, கேக்கலை" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். தங்கச்சி நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

போன தடவை கேட்டீர்களே, "அமெரிக்கா போயும் மாட்டுத்தோலைத் தட்டிக்கிட்டா உக்காந்திருக்கே?" என்று. அம்மா ஊரில் யார் கேட்டாலும் கம்பெனி வேலை என்று சொல்லிவிடுகிறாளாம். சரி, சொல்லட்டும். உங்களுக்காவது விவரம் தெரிய வேண்டும்.

இது குதிரைக்காரர்கள் ஊர். இருபதாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் சேணத்திலும் பெல்ட்டிலும் பூ செதுக்குவதில் ஒரு பாணிக்கே ஷெரிடன் ஸ்டைல் என்று பெயர். டான் கிங் என்ற சேணக்காரர் வளர்த்தெடுத்தது. 2007இல் இறந்துவிட்டார். சின்னச் சின்னக் காட்டு ரோஜா, ஐந்து இதழ். பூவின் தண்டே அந்தப் பூவை வட்டமாகச் சுற்றி வந்து அடுத்த பூவுக்குப் போகும். அம்மா மார்கழியில் போடும் சிக்குக் கோலம் மாதிரி, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட தோலில் அடித்தால் பள்ளம் மெல்ல எழும்பிவிடும். மரப்பட்டையில் ஊறிய தோல்தான் அடித்த அச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே முன்பு ஓக் பட்டை போட்டார்கள். நம் பக்கம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டார்கள் என்று பட்டறைப் பெரியவரிடம் சொன்னேன். ஆவாரம்பூ எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் நாள் தோலை நனைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் எடுத்து ஆற வைத்தால் மேல்நிறம் மெதுவாக வெளுத்து வரும். அப்போது கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கன்றுக்குட்டி மூக்கைத் தொட்டால் ஒரு குளிர்ச்சி இருக்குமே, அது இருந்தால் கத்தி வைக்கலாம். ஈரம் கூடினால் வெட்டு கூழாகிவிடும், காய்ந்துவிட்டால் கத்தி இழுபடும்.

கத்தி ஒரு விரல் நீளம்தான். தலையில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் திருகிக்கொண்டே போக வேண்டும். தோலின் பாதி கனத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அப்புறம் கருங்கல் பலகை மேல் தோலை வைத்து, வெட்டின் வெளிப்பக்கமாக அச்சுளியைச் சாய்த்துத் தட்டித் தட்டிக் கொண்டுபோனால் அந்தப் பக்கம் அமுங்கி, இதழ் மேலெழும்பும். உட்பக்கம் அடித்துவிட்டால் இதழ் மண்ணுக்குள் போன மாதிரி ஆகிவிடும். நான் அடித்தேன், அப்பா. இரண்டு நாள் செய்த பெல்ட்டில், ஏழாவது பூவில், பாப்பாவின் காய்ச்சலை நினைத்துக்கொண்டே. பெரியவர் திட்டவில்லை. அந்தப் பெல்ட்டை என் மேஜைக்கு நேரே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்களாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டி முடித்திருப்பீர்கள், அது எவ்வளவோ தேவலை.

பூவுக்கு நடுவே இருக்கும் சந்துகளைப் புள்ளிப் புள்ளியாக அடித்து இறக்குவதுதான் பொறுமையைக் கரைக்கும் வேலை. ஒரு கட்டைவிரல் நக அகலத்தில் எண்ணிப் பார்த்தேன், அறுபது அடிக்கு மேல். எல்லாம் ஒரே ஆழம் இருக்க வேண்டும். ஒரு பெல்ட்டுக்கு எனக்கு நாலு நாள் ஆகிறது. பெரியவர் ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, மத்தியானம் மீன் பிடிக்கப் போய்விடுவார்.

கடைசியில் அலங்கார வெட்டு. எல்லாம் முடிந்த பிறகு இதழிலும் இலையிலும் கத்தியால் கீறல்கள். ஆழமாகத் தொடங்கி, முடிகிற இடத்தில் முடிபோல் மெலிந்து காணாமல் போக வேண்டும். அழித்து வெட்ட வழியில்லை. ஒரு வருஷம் என்னைக் கழிவுத் தோலில் இதை மட்டும் போடச் சொன்னார். ஒருநாள் என் கையைப் பார்த்து, யாரிடம் கத்தி பழகினாய் என்று கேட்டார்.

சந்தூர் நர்சரியில் நீங்கள் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும்போது பக்கத்தில் உட்கார வைப்பீர்களே. "ஒரே இழுப்புல சீவுடா, ரெண்டாவது தரம் கத்தி பட்டா ஒட்டாது." நான் பந்தடிக்க ஓடிப்போவேன். பெரியவருக்கு மாங்கன்று ஒட்டு என்றால் என்ன என்று சொல்லவே அரைமணி நேரம் ஆனது.

இப்போது நம் தோப்பில் பூ எடுத்திருக்கும். மாம்பூவைத் தோலில் கொண்டுவர முயன்றேன், பொடிப்பொடியாக இருப்பதால் சொறி மாதிரி வந்தது. கொழுந்து இலை நன்றாக வருகிறது. அதை வைத்து உங்களுக்கு ஒரு பெல்ட் போடுகிறேன். வேட்டி மேல் கட்டுகிற உங்கள் பச்சை பெல்ட் அளவுக்கே, பணம் வைக்க இரண்டு பை வைத்து. இப்போது எத்தனையாவது ஓட்டையில் மாட்டுகிறீர்கள் என்று தங்கச்சியை எண்ணிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பர்ஸ் பொத்தான் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதும் எனக்கு மறந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மகன்