மீன்தொட்டி அறைக்குக் காற்றுவழி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலில் வீட்டு மீன்தொட்டிகளைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வெளியான குறிப்பைப் படித்தேன். தொட்டிக்குள் ஐஸ் பொட்டலங்களை மிதக்கவிடும்படியும், வெக்கை நுழையாதபடி சன்னல்களை நாள் முழுவதும் சாத்திவைக்கும்படியும் அதில் சொல்லப்பட்டிருந்தது. பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால், மாடி அறை ஒன்றை ஒதுக்கி, ஏழெட்டுத் தொட்டிகளில் கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று வளர்த்துக் குஞ்சு எடுப்பவர்கள் நம் நெல்லைப் பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த யோசனையைக் கடைப்பிடித்தால் தொட்டியும் குளிராது, சுவரும் பாழாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொட்டி நீரைக் குளிர்விப்பதில் ஆவியாதலுக்கு இணையானது எதுவுமில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகி, அறையின் சூட்டுக்கு வந்து சேரும்வரை எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ அதைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பத்தை, ஒரே ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது கொண்டுபோய்விடுகிறது. நூறு லிட்டர்த் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் ஏதும் வந்து சேராத வரையில், மீதி நீரின் சூடு ஏறக்குறைய 6 டிகிரி இறங்க வேண்டும். நடைமுறையில் அறையின் வெப்பம் நீருக்குள் வந்துகொண்டே இருப்பதால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். மீனுக்கு அதுவே பெரிய உதவி. ஏனெனில் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 35 டிகிரியில் 7 மில்லிகிராமைக்கூடத் தாங்காது. சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது என்பது இன்னொரு சங்கடம்.

ஆனால் அறைக்காற்று நீராவியை ஏற்கும் நிலையில் இருந்தால்தான் தொட்டி நீர் ஆவியாகும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதாவது, அறையில் ஈரமே இல்லாமல் தொடங்கினாலும் ஒரு லிட்டர் நீருக்குக்கூட அங்கே இடமில்லை. எட்டுத் தொட்டிகளிலிருந்து தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால், அந்த ஈரம் எங்கே போகும்? பீரோவின் பின்பக்கச் சுவரில் கறுப்புப் பூஞ்சையாகப் படரும். சுண்ணாம்பைக் கொப்புளமாகக் கிளப்பி உதிர்க்கும். சுவிட்சுப் பெட்டியின் திருகாணிகளில் துருவாக ஏறும். இத்தனைக்கும் நடுவில், தொட்டியின் மேல் மாட்டிய சிறு விசிறி அந்த ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்குமே தவிர, நீர் குளிராது.

எக்சாஸ்ட் விசிறி இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் விசிறி இருந்தது. காற்று உள்ளே வருவதற்கு வழிதான் இல்லை. கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு எக்சாஸ்டை ஓடவிட்டால் இரைச்சல் கேட்கும், காற்று நகராது. இதைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். அறை அடைத்திருக்கும்போது ஊதுபத்தியை விசிறிக்கு இரண்டடி கீழே பிடித்தால் புகை அங்கேயே சோம்பி நிற்கும். கதவைக் கையகலம் திறந்தவுடன் அதே புகை கோடு இழுத்தாற்போல் விசிறியை நோக்கி ஓடும்.

மேலே சொன்ன 4 லிட்டரை வெளியேற்றப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. உள்காற்றைவிட வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 6 கிராம் ஈரம் குறைவாக இருந்தால், மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறினாலே கணக்குச் சரியாகிவிடும். சாதாரண ஆறங்குல விசிறி அதைப்போலப் பல மடங்கு காற்றைத் தள்ளக்கூடியது. ஈரக்காற்றும் சூடான காற்றும் இலேசானவை என்பதால் விசிறியைக் கூரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். உள்வரும் வழியை எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அமைக்க வேண்டும். அந்த வழி விசிறியின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது; கொசுவலை அடித்தால் அதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். விசிறி வெளியேற்றும் காற்று மாடிப்படிக்கோ தார்சாவுக்கோ போகாமல் நேராக வெளியே போக வேண்டும்.

எந்தச் சுவரில் என்பதை நம் ஊர்க் காற்றுதான் தீர்மானிக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேற்குக் காற்று, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் வேகம் கொண்டது. மேற்குச் சுவரில் எக்சாஸ்டைப் பொருத்தினால் அந்த மாதங்களில் விசிறி திணறும். வெளியே தள்ளியது உள்ளேயே திரும்பும். உள்வழி மேற்கிலும் விசிறி கிழக்கிலும் இருந்தால், மின்தடை நேரத்தில்கூடக் காற்று தானாகவே ஓடும்.

சித்திரை, வைகாசி உச்சிவேளையில் வெளிக்காற்று நெருப்பாக இருக்கும்போது விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, பொழுது சாய்ந்த பின் விடியும்வரை முழு வேகத்தில் ஓடவிடுவது நல்லது. மாடி அறையின் தளம் பகலில் குடித்த வெயிலை இரவில்தான் கக்குகிறது என்பதால் இந்த இராக்காற்று மிகவும் அவசியம். உள்வழியில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறை குளிரும், சுவர் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வெளிக்காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், அப்போது தொட்டிகளைக் கண்ணாடியால் மூடி ஆவியாவதைக் குறைத்துவிட்டு, மழைவிட்ட நண்பகலில் மட்டும் விசிறியைப் போட்டால் போதும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டி, அது 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சைத் தொல்லை பெரும்பாலும் இராது.

ஏசி பொருத்துவோர் கவனிக்க: ஸ்பிளிட் ஏசி ஈரத்தை வடித்து வெளியேற்றினாலும் புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை, தொட்டிகள் மூடாமல் இருந்தால் அந்த நீராவியை வடிப்பதற்கே மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடும்.

ஆவியாகி வெளியேறுவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்ய உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாமல், குளோரின் நீங்கும்படி ஒரு நாள் வைத்திருந்த தாமிரபரணிக் குடிநீரை ஊற்றுவது நலம்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி அருகிலேயே இருப்பதால், அங்குள்ள வல்லுநர் ஒருவரிடம் கேட்டு, தொட்டி நீரோடு அறைக்காற்றையும் சேர்த்து விளக்கும் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். அதுவரை, சன்னலை நாள் முழுவதும் சாத்திவைக்கச் சொன்ன அந்த வரி பல தொட்டிகள் உள்ள அறைகளுக்குப் பொருந்தாது என்ற திருத்தத்தையாவது இந்தக் கோடைக்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.