சோபா மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அடியில பாரு கண்ணு

கண்ணு,

அப்பா எழுதறேன். கடைய சாத்திட்டு வந்து மூணு நைட்டா உக்காந்து இத டைப் பண்றேன், எழுத்து தப்பு இருந்தா நீயே திருத்தி படிச்சுக்கோ, நாப்பது வருஷம் கோணி ஊசி புடிச்ச விரலு, போன்ல ஒரு எழுத்த தொட்டா ரெண்டு எழுத்து விழுது.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீயும் மாப்பிள்ளையும் அந்த மோட்டார்ஹோம் வண்டிய, சமைச்சு படுத்துக்கற மாதிரி வீடா கட்டுனத, உள்ள சுத்தி காட்டுனீங்கல்ல, உங்கம்மா அந்த சின்ன அடுப்பையும் சிங்க்கையும் பாத்து வாயப் பொளந்துட்டா, டிரைவர் தலைக்கு மேல இருக்கிற பெர்த்துல பசங்க ரெண்டும் ஏறி குதிச்சத பாத்து ஒரே சிரிப்பு. நான் மட்டும் ஏன்ப்பா பேசவே மாட்டேங்கறன்னு நீ கேட்ட. நான் சோபாவத்தான் பாத்துட்டு இருந்தேன் கண்ணு. மாப்பிள்ளை அத இழுத்து பெட்டா விரிச்சு காட்டுனப்ப கீல் கிட்ட ஒரு சத்தம் வந்துச்சு பாரு, அத கேட்ட உடனே நெனச்சேன், இதுல படுத்தா முதுகு போச்சுன்னு. அதே மாதிரி ரெண்டு நாள் கழிச்சு நீ உங்கம்மாகிட்ட இடுப்பு வலின்னு சொல்லியிருக்க, எங்கிட்ட சொல்லல. ஊர் ஒலகத்துக்கெல்லாம் சீட்டு தைக்கிறவன் நானு, எம் பொண்ணு எங்கிட்ட கேக்க மாட்டேங்கறா. சரி விடு.

சோபா மேல ஒரு நாலு இஞ்ச் மெமரி ஃபோம் வாங்கி போட்டா சரியாயிடும்னு மாப்பிள்ளை சொன்னாருன்னு அம்மா சொன்னா. அவர் மேல தப்பில்ல, யாரா இருந்தாலும் மொதல்ல அதத்தான் நெனப்பாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன் ஒரு காலத்துல. நான் வேலைக்கு சேந்த புதுசுல, 1981ல, நம்ம சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் லாரிக்கு குஷன் வேலை பாத்துட்டு இருந்தோம், அப்பெல்லாம் சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் இருக்கிற அடிச்சட்டம் மட்டும்தான் கம்பெனியில இருந்து வரும், கேபின் பாடி எல்லாம் மரத்துல நாமக்கல்லயும் சங்ககிரியிலயும் நம்ம பக்கமும்தான் கட்டுவாங்க, இப்ப 44ன்னு சொல்ற நேஷனல் ஹைவே ரோடு அப்போ ஏழாம் நம்பர் ரோடு. டெல்லி, கல்கத்தான்னு போற வண்டிக்கு டிரைவர் சீட்டுக்கு பின்னால ஒரு பலகை இருக்கும், பகல்ல சாயறதுக்கு, ராத்திரி தூக்கி மாட்டுனா படுக்கறதுக்கு. உங்க சோபாவும் அதே வம்சம்தான். ஒரு டிரைவரு, சங்ககிரிக்காரரு, போயிட்டு போயிட்டு திரும்பி வந்து சண்டை போடுவாரு, படுத்தா கெணத்துல விழுந்த மாதிரி இருக்குதுன்னு. நான் ஒரு இஞ்ச் ஃபோம் சேத்தேன். மறுபடி வந்தாரு. இன்னும் ஒரு இஞ்ச். மூணாவது தடவை வந்தப்ப எங்க பாய் (எனக்கு தொழில் சொல்லி குடுத்தவரு) ஒண்ணும் பேசாம பிளேடு எடுத்து நான் தச்சத பூரா கிழிச்சு, ஃபோம எல்லாம் வெளிய எடுத்து போட்டுட்டு, என்னய அந்த வெறும் பலகை மேல படுக்க சொன்னாரு. படுத்தேன். நடுவுல பலகை தொங்கிடுச்சு, அடியில குடுத்த ரீப்பர் கட்டை உடஞ்சு கெடக்கு. மெத்து மெத்துன்னு மேல எவ்வளவு போட்டாலும் அது அடியில இருக்கிற பள்ளத்தோட வடிவத்துக்குத்தான் போயி உக்காரும்டான்னாரு. ஒரு முழு நாள் கூலி போச்சு எனக்கு.

அதனால நீ காசு செலவு பண்றதுக்கு முன்னாடி மொதல்ல ஒரு வேலை பண்ணு. சோபாவ விரிச்சு, மேல இருக்கிற பெட்ஷீட்டு கம்பளி எல்லாத்தையும் எடுத்துட்டு, வெறும் சோபா மேல ஒரு நேரான குச்சியோ தொடப்பக் கட்டையோ குறுக்கால வெச்சு பாரு. வீடியோவுல பாத்த வரைக்கும் உங்களுது முதுகு சாயற பாகம் பின்னால படுத்துக்கிட்டு சீட்டு முன்னால வர்ற டைப்பு, ஜாக்நைஃப் சோபான்னு மாப்பிள்ளை சொன்னாரே, பேனாக்கத்தி மாதிரி விரியறது. அப்ப நடுவுல நீளத்துக்கு ஒரு வாய்க்கால் விழும். அது போக உக்கார்ற சீட்டு எப்பவுமே பின்பக்கம் கொஞ்சம் சரிஞ்சுதான் இருக்கும், இல்லேன்னா உக்காந்தவன் முன்னால வழுக்கிட்டு வருவான், முன் ஓரத்துல தொடைக்காக ஒரு உருண்டை திண்டு வேற வெச்சிருப்பாங்க. உக்காந்தா சொகமா இருக்கிறதெல்லாம் படுத்தா வில்லங்கம். இன்னொரு ரகசியம் சொல்றேன், சாயற பக்கத்துக்கு எந்த குஷன்காரனும் சீட்டுக்கு போடற கெட்டி ஃபோம் போட மாட்டான், லேசானதுதான் போடுவான், ஏன்னா முதுகு எடை கம்மியாத்தான் தாங்கணும். அதனால மாப்பிள்ளை ஒரு பாதியில நீ ஒரு பாதியில படுத்தா ஒருத்தர் உசரத்துல ஒருத்தர் பள்ளத்துல. நீதான் செவுத்து ஓரம் படுக்கற, அதாவது சாயற பக்கம். இடுப்பு வலி யாருக்கு? ஒனக்கு.

பிளைவுட் போடலாம். ஆனா முழு பலகையா போட்டீங்கன்னா பகல்ல அத எங்க வெப்பீங்க, வண்டிக்கும் எடை. ஆறு எம்எம் பலகைய மூணு பட்டையா அறுத்து, மேல கெட்டித் துணிய ஒட்டி மடக்கற மாதிரி செஞ்சா சோபாவுக்கு பின்னாடியே சொருகிக்கலாம், வாய்க்கால் வர்ற எடத்துல மட்டும் பட்டைக்கு நடுவுல மடிப்பு வராம பாத்துக்கணும். ஓரத்த உப்புக்காகிதம் போட்டு நல்லா தேச்சுடு, பசங்க கையில சிலாம்பு ஏறும். அங்கங்க ஓட்டை போட சொல்லு மாப்பிள்ளைய, அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். அந்த வாய்க்காலுக்கு மட்டும் தனியா ஒரு ஃபோம் துண்டு, ஆப்பு மாதிரி மேல அகலமா கீழ குறுகலா வெட்டி, துணி தச்சு சொருகணும். அத நான் தச்சு தரேன், கடைசியில சொல்றேன்.

ஒனக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ, ஆறு வயசுல மே மாசம் ஏற்காட்டுக்கு மலர் கண்காட்சி பாக்க போனோமே, வாடகை வேன்ல. இருவது கொண்டை ஊசியிலயும் வாந்தி எடுத்துட்டே வந்த, பத்தாவது வளைவுக்கு மேல டிரைவரே பாவப்பட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டுனாரு. லாட்ஜ் ஒண்ணும் கெடைக்கல, ஏரி பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு உள்ளயே படுத்தோம். மே மாசம்னாலும் ராத்திரி நல்ல குளிரு. ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருந்த சந்துல நீ விழுந்து விழுந்து எழுந்து அழுதுட்டு இருந்த, அப்ப உங்கம்மா பையில இருந்த மாத்துப் பொடவைய எடுத்து சுருட்டி அந்த சந்துக்குள்ள திணிச்சா. அவ்வளவுதான், விடியற வரைக்கும் நீ அசையல. குஷன்காரன் நான் பக்கத்துல உக்காந்துட்டு முழிச்சுட்டு இருக்கேன், எனக்கு அது தோணல பாரு. இன்னிக்கு வரைக்கும் சொல்லி காட்டுவா.

இப்ப ஃபோம் விஷயம். மெமரி ஃபோம் மட்டமில்ல, 1966ல நாசாவுக்காக கண்டுபுடிச்சது, எதுக்குன்னா விமான சீட்டுக்கு, நம்ம தொழில்தான். ஆனா அதுக்கு ஒரு குணம் இருக்கு, ஒடம்பு சூட்டுலதான் எளகும், குளுருல கெட்டியாயிடும். ஏற்காடு அஞ்சாயிரம் அடிதான், நீங்க ஏப்ரல்ல போறேன்னு சொன்ன அமெரிக்கா கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கோட தெக்குப் பக்கம் ஏழாயிரம் அடி, ராத்திரி தண்ணி உறையற குளிரு. அங்க படுக்கும்போது அது பலகை மாதிரி இருக்கும், அரை மணி நேரம் கழிச்சு நீ படுத்த எடத்துல மட்டும் குழியாகும், பொரண்டு படுத்தா திரும்ப பலகை. அதனால எம் பேச்ச கேட்டா, அடியில ஒரு இஞ்ச் கெட்டி ஃபோம், மேல ரெண்டு இஞ்ச் மெதுவானது, மொத்தம் மூணு இஞ்ச் போதும். நீ சின்னதுல இருந்தே ஒருக்களிச்சு படுக்கறவ, தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள எறங்கணும். மாப்பிள்ளை மல்லாக்க படுப்பாருன்னா அவருக்கு மேல ஒரு இஞ்சே போதும், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் போடணும்னு சட்டமா என்ன.

கடையில டென்சிட்டி ஜாஸ்தின்னு சொன்னா கெட்டின்னு நெனச்சுக்காத. டென்சிட்டிங்கறது எடை கணக்கு, இங்க 32 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ, அங்க அதையே கன அடிக்கு 2 பவுண்டுன்னு சொல்லுவாங்க. எடை ஜாஸ்தின்னா ரொம்ப நாளைக்கு அமுங்காம உழைக்கும், அவ்வளவுதான். கெட்டியா மெதுவான்னு சொல்றது வேற நம்பரு, ஐஎல்டின்னு போட்டிருப்பாங்க, அது ஏற ஏற கெட்டி. 32க்கு கீழ இருந்தா காசு குடுக்காத, ஒரே வருஷத்துல அப்பளமாயிடும். அளவுக்கு வெட்டறதுக்கு ரொட்டி வெட்டற நீளக் கத்தி இருந்தா போதும், அமுக்காம இழுத்து இழுத்து வெட்டணும், அமுக்குனா ஓரம் உள்வாங்கிக்கும். காத்தடிக்கிற மெத்தைய மட்டும் வாங்கிடாதீங்க, குளுருல காத்து சுருங்கி விடியறதுக்குள்ள தரையத் தொடுவீங்க, அடியில இருந்து சில்லுன்னு ஏறும் வேற.

சோபா மேல இருக்கிற அந்த ரெக்ஸின் மாதிரி சமாச்சாரம் வழுக்கும், போட்ட ஃபோம் நடுராத்திரி தரையில கெடக்கும். அதுக்குன்னு ஏதோ ரப்பர் வலை எல்லாம் விக்கறாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு, வேண்டாம், நாங்க குடுத்து விட்ட பவானி ஜமுக்காளம் இருக்கில்ல, பீரோவுக்குள்ள மடிச்சு வெச்சிருப்ப, அத சோபாவுக்கும் ஃபோமுக்கும் நடுவுல விரி. நூல் தடிமனு, புடிச்சுக்கும். வேர்வையும் இழுக்கும். காட்சிப் பொருளா வெச்சிருக்கிறதுக்கா அவ்வளவு தூரம் சுமந்துட்டு போன?

பலகையில ஓட்டை போட சொன்னேனே, அது அடியில காத்து போறதுக்குத்தான். ராத்திரி நாலு பேரு மூச்சு விடறீங்க, ஒடம்பு சூடு மேல, அடியில பலகை சில்லுன்னு இருக்கும், விடியக்காலம் கண்ணாடியில தண்ணி வழியறத பாத்திருப்ப, அதே தண்ணி ஃபோமுக்கு அடியிலயும் கோத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பத்து நாள்ல பூஞ்சை, ஒரு புழுக்க நாத்தம். தெனம் காலையில ஃபோம தூக்கி அரை மணி நேரம் செவுத்துல சாய்ச்சு நிறுத்து. வண்டி கூரையில இருக்கிற காத்து மூடிய ராத்திரி ரெண்டு விரக்கடை தொறந்து வெய்யி, குளுருனாலும் பரவால்ல, கம்பளி போத்திக்கலாம். நம்ம வீட்டு எலவம்பஞ்சு மெத்தைய மொட்ட மாடியில வெயில்ல போடற மாதிரி இத போட்டுடாத, பஞ்சுக்கு வெயிலு மருந்து, ஃபோமுக்கு வெயிலு விஷம், மஞ்சளாகி உதுந்துடும். நெழல்ல காத்தாட போடு. குளுருதுன்னு அந்த கேஸ் அடுப்ப பத்த வெச்சுட்டு மட்டும் தூங்கிடாதீங்க கண்ணு, ஊட்டி கொடைக்கானல் பக்கம் கரி அடுப்ப ரூமுக்குள்ள வெச்சு தூங்கி செத்தவங்க கதை எத்தனை படிச்சிருக்கோம். பொகைக்கு கத்தற பொட்டி வண்டியில இருக்கும், கார்பன் மோனாக்சைடுக்குன்னு தனியா ஒண்ணு, அது வேலை செய்யுதான்னு பட்டன அமுக்கி பாக்க சொல்லு. வண்டி ஓடும்போது பசங்கள அந்த பெட்டுல படுக்க விடாத, அது நின்ன வண்டிக்கு மட்டும்தான்.

இன்னொண்ணு, வண்டிய நிறுத்தறப்ப மட்டம் பாக்கறாங்களா இல்லையா? எவ்வளவு நல்ல மெத்தையா இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நின்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் உருண்டுட்டே இருப்பீங்க, புடிச்சுட்டே தூங்கறதுல தோள் வலிக்கும். பாதி தண்ணி இருக்கிற பாட்டில தரையில படுக்க வெச்சு பாத்தா தெரியும். எந்த சக்கரம் கீழ இருக்கோ அதுக்கு அடியில கட்டை வெச்சு ஏத்தி நிறுத்தட்டும். ஒரு அரை இஞ்ச் ஏத்தமா இருக்கட்டும் தல பக்கம்.

இப்ப எனக்கு வேணுங்கறது அளவு. பெட்டா விரிச்சுப் போட்டு, அந்த வாய்க்காலோட மேல் அகலம், கீழ் அகலம், ஆழம், மூணு எடத்துல எடு, ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும், மூணும் ஒண்ணா இருக்காது. மொத்த நீளம் அகலமும் குடு. இஞ்ச்லயே எழுது, சென்டிமீட்டர்ல எழுதி என்ன கொழப்பாத. ஃபோம் அங்க வாங்கிக்கோ, இங்க இருந்து அனுப்புனா குரியர் காசுக்கு ரெண்டு சோபாவே வாங்கலாம். உறைய மட்டும் நான் தைக்கறேன், ஒரு பக்கம் ஜிப்பு, நாலு மூலையிலயும் எலாஸ்டிக், பகல்ல சுருட்டி கட்ட ரெண்டு வாரு. கைத்தறித் துணி கனமா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், மாம்பழக் கலரு, அழுக்கு தெரியாது.

அடுத்த மாசம் நம்ம பக்கத்து தெரு பையன் அந்த ஊருக்கு வர்றான், அவன்கிட்ட குடுத்து விடறேன். உறை காலியாத்தானே போகுது, எடம் வீணாப் போகுதுன்னு உங்கம்மா இப்பவே ஜவ்வரிசி வடகம் ரெண்டு கிலோ காய வெச்சுட்டா. பிரிக்கும்போது உதறாம பிரி.

அப்பா