அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படி

அன்புள்ள மாப்ளைக்கு,

வேலையில் பாரம் தூக்கி முதுகில் அடிபட்டதற்கு இழப்பீடு கிடையாது என்று மறுத்துவிட்டதாக நீ எழுதிய கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "22 வருஷம் உழைத்தவனைப் பொய்யன் ஆக்கிவிட்டார்கள், இனி யாரிடமும் கெஞ்ச மாட்டேன்" என்ற உன் வரியைத் தாண்ட முடியாமல் அப்படியே எழுந்துவிட்டேன்.

என் தோள்பட்டைக்கு இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தபோது நானும் இதையேதான் நினைத்தேன். கவரை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நாலாம் நாள் என் மனைவி எடுத்துப் படித்துவிட்டு, "உங்களைப் பொய்யர் என்று இதில் எங்கே இருக்கிறது? வேலை நேரத்தில் அடிபட்டதற்குப் பதிவு இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள்" என்றாள். மூன்று நாளாக நான் படித்தது கடிதத்தை அல்ல, என் கோபத்தைத்தான் என்று அப்போது புரிந்தது.

உனக்கு வந்த மறுப்புக் கடிதத்தின் நகலை நான் இரண்டு முறை படித்தேன். அவர்கள் சொல்வது இரண்டே விஷயம். ஸ்கேனில் தெரியும் டிஸ்க் தேய்மானம், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டின் தேய்மானம், வயதால் வந்தது. விபத்தை நீ இரண்டு நாள் தாமதமாகச் சொன்னாய். இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் சொல். மேலாளர் பேசிய பேச்சு, மறுக்கப்பட்ட பதவி உயர்வு எதையும் மேல்முறையீட்டில் கொண்டுவராதே. அது எனக்குச் சொல்ல வேண்டியது, நான் கேட்கிறேன்.

முதலில் கடைசித் தேதியைப் பார். கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கடிதத் தேதியிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும் கவனி. தேதி தவறினால் எவ்வளவு நல்ல சான்றும் வீணாகலாம். அடுத்து, உன் கோப்பு முழுவதற்கும் நகல் வேண்டும் என்று எழுத்தில் கேள். எனக்குக் கைகொடுத்தது அந்தக் கோப்புதான். முதலுதவிப் பதிவேட்டின் ஒரு பக்கம் அதில் நகலாக இருந்தது. "9.40, வலது தோள், ஐஸ் வைத்தது" என்று சூப்பர்வைசர் கையெழுத்தில் ஒரே வரி. பதிவே இல்லை என்று மறுத்தவர்களின் கோப்பிலேயே அது இருந்தது.

தேய்மானத்துக்கு வருகிறேன். முதுகு வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் விவரங்களைத் தொகுத்து ஒரு மருத்துவ ஆய்வு 2015இல் வெளிவந்தது. 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 20 வயதிலேயே 37 சதவீதம். ஆக, தேய்மானம் தெரிகிறது என்பதாலேயே உன் வலி அதனால் வந்தது என்று ஆகிவிடாது. அந்தப் பாரத்தைத் தூக்கிய காலை வரை நீ ஒரு நாள் முதுகு வலிக்கு லீவு போட்டதில்லை. பழைய தேய்மானத்தை வேலை மோசமாக்கியிருந்தால் அதையும் வேலையில் பட்ட காயமாகவே பல நாட்டுச் சட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன.

இதை உன் டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் முதல் நாள் எழுதிய சீட்டில் "இடுப்பு வலி" என்று மட்டும்தான் இருக்கிறது. எப்படித் தூக்கினாய், எந்தப் பக்கம் திரும்பினாய், காலில் மரத்துப்போனது எப்போது என்று எதுவும் இல்லை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. இன்னொன்று, "வேலையால் வந்திருக்கலாம்" என்று அவர் எழுதினால் போதாது. என் டாக்டர் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தார். அவர் மனதில் இருந்தது "பெரும்பாலும் வேலையால்தான்" என்பது. கேட்டதும் அப்படியே மாற்றி எழுதினார். தீர்ப்புச் சொல்பவர்கள் பார்ப்பது அந்த ஒரு சொல்லைத்தான். டாக்டர் நம்பாததை எழுதச் சொல்லாதே. நம்புவதைத் தெளிவாக எழுதச் சொல்.

தாமதத்துக்கு உண்மையையே சொல்: படுத்து எழுந்தால் சரியாகும் என்று நினைத்தாய். அன்று சாயங்காலம் "குனிய முடியவில்லை" என்று எனக்கு அனுப்பிய மெசேஜ் தேதி, நேரத்தோடு என் போனில் இருக்கிறது. அந்தப் பாரத்தின் மறுமுனையைத் தூக்கியவரிடமும் நடந்ததை எழுதி வாங்கு, அவருக்கு ஞாபகம் மங்குவதற்குள்.

கெஞ்சுவது என்றாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விபத்துக் காப்பீட்டுச் சட்டம் ஜெர்மனியில் 1884இலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டனில் 1897இலும் வந்தன. யார் தப்பு என்று நிரூபிக்கச் சொல்லி அடிபட்டவனை அலையவிடக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. உனக்கு முன்னால் அடிபட்டவர்கள் போராடி வாங்கியது இது. யாரும் போடும் பிச்சை இல்லை.

சிகிச்சையை நிறுத்தாதே. இடைவெளி விழுந்தால் குணமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். முக்கியமாக, முதுகு உன்னுடையது.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் கை இப்போது தலைக்கு மேல் போகிறது, மேல் தட்டிலிருந்து நானே பாத்திரம் எடுக்கிறேன்.

கோப்பு கைக்கு வந்ததும் போன் பண்ணு. வந்து உன்னோடு உட்கார்கிறேன், ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்போம்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்