உடன் வாசித்தவர்களின் பெயர்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கவிஞரும் இசைக்கலைஞருமான கில் ஸ்காட்-ஹெரானின் 'பீசஸ் ஆஃப் எ மேன்' என்னும் 1971ஆம் ஆண்டு இசைத்தொகுப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். ஜாஸ், ஃபங்க் என்னும் கறுப்பின அமெரிக்க இசை வகைகளைச் சேர்த்து இழைத்த ஒரு தொகுப்புக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியது மிகவும் நிறைவளித்தது. ஆயினும் கட்டுரையாளர் கவிஞரின் சொற்களை மட்டுமே விரித்துப் பேசிவிட்டு, அவற்றோடு ஒலிப்பதைப் 'பின்னணி இசை' என்று கூறி முடித்துக்கொண்டார். ஊர்க்கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

அந்தத் தொகுப்பின் முதல் உருப்படியான, புரட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாது என்று முழங்கும் கவிதையையே எடுத்துக்கொள்வோம். 1970இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பிலும் அது உண்டு. அங்கே காங்கோ, பாங்கோ முதலிய கைமுரசுகள் மட்டுமே துணைக்கு இருக்க, தெருமுனையில் நின்று கூட்டத்தை நிறுத்த முயலும் இளைஞனின் குரலாக அது கேட்கிறது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் மீண்டும் பதிவானபோது ரான் கார்ட்டரின் பேஸ் என்னும் தாழ்சுருதித் தந்திக்கருவியும் பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸும் அடித்தளமாக அமைந்தன. ஹியூபர்ட் லாஸின் புல்லாங்குழல் அடிகளுக்கு நடுவே நுழைந்து, சில இடங்களில் கவிஞருக்கு விடை சொல்கிறது, சில இடங்களில் அவரைச் சீண்டுகிறது. தாளம் தளராமல் கீழே ஓடுவதால் அவர் குரலை உயர்த்த வேண்டிய தேவையே எழவில்லை. கவிதை அதேதான் என்றாலும் அதன் கோபம் நிதானம் அடைந்துவிட்டது. அந்த நிதானத்தைக் கொடுத்தவர்கள் உடன் வாசித்தவர்களே.

தொகுப்பின் தலைப்புப் பாடலையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். வேலை போய்விட்டதென்று கடிதம் வந்ததும் மனம் உடைந்துபோகும் தந்தையை மகன் பார்த்துச் சொல்லும் பாடல் அது. பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கவிஞருக்கு நண்பரான பிரையன் ஜாக்சனின் பியானோ, அந்த மகன் சொல்லத் தயங்கும் இடங்களில் காத்திருந்து, பிறகு கூடவே நடக்கிறது. ஆலையில் ஆட்குறைப்பு நடந்த நாளின் மாலையில் தகப்பனார் வீடு திரும்பியதைப் பார்த்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

வில்லுப்பாட்டிலும் இதுவே முறை. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி பிறக்கும். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் கதையின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சுடலை மாடன் கதையில் சாமியாடி எழுந்து நிற்கும் நேரத்தைப் பல வேளைகளில் குடம்தான் தீர்மானிக்கிறது. இவர்களைப் பின்னணி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இருந்தும் அவர்களுடைய பெயர்களை நாம் எழுதி வைப்பதில்லை. எங்கள் மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லிசையை வானொலி வரை கொண்டுசென்று, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் அவர்களை எல்லோரும் அறிவோம். அது அவருக்குத் தகுந்த பெருமை. ஆனால் ஊர்க்கொடைகளில் மூன்று இரவுகள் தொடர்ந்து குடம் அடிக்கும் கலைஞரை விளம்பரத் தட்டியும் 'குழுவினர்' என்றே குறிப்பிடுகிறது, நாளிதழ்ச் செய்தியும் அப்படியே குறிப்பிடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் பேஸ் வாசித்தவர் யார், டிரம்ஸ் வாசித்தவர் யார் என்று பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு என்னால் எழுத முடிகிறது. சென்ற ஆண்டு எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடையில் உடுக்கை வாசித்தவர் யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, வரும் கொடைக் காலத்தில் வில்லுப்பாட்டுச் செய்திகளை வெளியிடும்போது புலவரின் பெயரோடு வில்லைச் சுற்றி அமர்ந்திருக்கும் அனைவருடைய பெயர்களையும், அவரவர் இசைத்த கருவியையும் சேர்த்து அச்சிடுமாறு தங்கள் நெல்லைப் பதிப்பின் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு இரண்டு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.