பொங்கல் விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வந்தன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலை வகுப்பு வழக்கம்போல் நடக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போகிறவர்களை பஸ் நேரம் பார்த்து முன்னதாகவே அனுப்பிவிடுகிறோம்.

அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் சூரியப் புள்ளிகளை, அதாவது சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளைக் குறித்தார்கள். 2010இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் எடுக்கும் சூரியப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தினமும் ஒரு படத்தைப் பார்த்து, 15 செ.மீ. வட்டத்தில் புள்ளிகளைப் பென்சிலால் குறிக்க வேண்டும். சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளி நாளொன்றுக்குச் சுமார் 13 டிகிரி நகர்கிறது. பூமியிலிருந்து பார்க்க, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாள். அந்த வட்டத்தில் நம் பூமியை வரைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. உங்கள் பிள்ளையின் நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

இந்த ஆர்வத்தைப் பார்த்துச் சில வீடுகளில் ஆன்லைனில் டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதனோடு வரும் சின்னக் கறுப்புக் கண்ணாடியைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவந்து, “சூரியன் பார்க்க” என்று காட்டுகிறார்கள். டெலஸ்கோப் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பழைய எக்ஸ்ரே படத்தையும் கூலிங் கிளாஸையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்துதான் இது நடக்கிறது என்றும் தெரிகிறது. சூரியப் பொங்கலன்று இது இன்னும் கூடும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன்.

சூரியனை நேராகப் பார்ப்பதற்கென்றே தயாரித்த தரமான கண்ணாடி, 1 லட்சம் பங்கு ஒளி வந்தால் சுமார் 3 பங்கைத்தான் உள்ளே விடும். கூலிங் கிளாஸ் 15,000 பங்கைக்கூட விட்டுவிடும். கிரகணத்தின்போது தாம்பாளத்தில் மஞ்சள் நீர் வைத்துப் பார்ப்போமே, அதிலும் உச்சிவேளையில் 2,000 பங்கு திரும்பி வரும். எக்ஸ்ரே படத்தில் ஓரிடம் கறுப்பு, ஓரிடம் வெளுப்பு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கடந்து வந்துவிடலாம். இதில் இன்னொரு கேடு, இருட்டாகத் தெரிவதால் கண்பாவை விரிந்துகொள்ளும். கூசாததால் பிள்ளையும் கண்ணை எடுக்காது.

டெலஸ்கோப்பில் ஆபத்து பல மடங்கு. பகலில் கண்பாவை 3 மி.மீ. விரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 60 மி.மீ. லென்ஸ் அதைப்போல் 400 மடங்கு ஒளியைச் சேர்த்துக் குவிக்கிறது. ஐபீஸில், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், திருகும் அந்தக் கறுப்புக் கண்ணாடி, குவிந்த வெப்பம் விழும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சூடேறி விரிசல் விட்டால், கண்ணை எடுக்க நேரமே இருக்காது. சூரியனுக்கான வடிகட்டி டெலஸ்கோப்பின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது சார்” என்பார். கண் அவருடையது இல்லையே.

விழித்திரைக்கு வலி தெரியாது. பார்த்த அன்று ஒன்றும் இருக்காது, சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ பார்வையின் நடுவில் மங்கலாக ஒரு புள்ளி நிற்கும். சிலருக்கு மாதக் கணக்கில் மெல்லச் சரியாகும், சிலருக்கு ஆகாமலே போகும். அப்படி ஏதேனும் என்றால் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு காத்திராமல், அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு கண் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

“பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்கலாமா?” என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நம் ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. ஓசோன் படலம் தடுத்துவிடும் புற ஊதாக் கதிர்களைப் படம்பிடிக்கத்தான் அதிலுள்ள சூட் கருவி அங்கே போக வேண்டியிருந்தது. அந்தக் கருவியின் வாயிலிலேயே ஒரு வெப்ப வடிகட்டி இருக்கிறது; ஒளியில் 1 விழுக்காடுகூட உள்ளே போகாது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்த வெல்க் கருவி, சூரிய வட்டையே மறைத்துவிட்டுச் சுற்றியுள்ள ஒளிவளையத்தை மட்டும் பார்க்கிறது. விண்மீன்களையும் அண்டங்களையும் ஆராயும் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்போ, டென்னிஸ் மைதானம் அளவுள்ள 5 அடுக்குத் திரையைப் பிடித்துக்கொண்டு சூரியனுக்கு எப்போதும் முதுகைத்தான் காட்டுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த கருவிகளுக்கே இவ்வளவு காபந்து என்றால், பிள்ளையின் கண்ணுக்கு வேண்டாமா?

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐபீஸில் மாட்டும் சூரிய வடிகட்டியை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். பள்ளிக்குக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம், திருப்பித் தரமாட்டோம். ஆசிரியரிடம் எழுதிக் கொடுக்காமல் டெலஸ்கோப்பும் பைனாகுலரும் பள்ளிக்குள் வரக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

வீட்டில் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். அட்டையில் 2 மி.மீ. துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, 2 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் ஒளியை விழச் செய்யுங்கள். சுமார் 18 மி.மீ. அகலத்தில் சூரியன் விழும். அட்டையும் வேண்டாம் என்றால் புளியமரத்தடிக்குப் போங்கள். இலையிடுக்கு வழியாகத் தரையில் விழும் வட்ட வட்ட வெளிச்சம் எல்லாமே சூரியனின் பிம்பம்தான். இவற்றில் சாதாரணப் புள்ளிகள் தெரியாது. அதற்குப் பள்ளியில் டெலஸ்கோப் வழியாகத் தாளில் பிம்பம் விழச் செய்கிறோம். முன்மூடியில் உள்ள சிறு துளையை மட்டும் திறப்போம், மேலே இருக்கும் குட்டி டெலஸ்கோப்பை மூடிவிடுவோம், நிழல் ஆகச் சிறிதாகும்வரை குழாயைத் திருப்பியே குறிபார்ப்போம். பிளாஸ்டிக் ஐபீஸ் உருகிவிடும் என்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் திருப்பி ஆறவிடுவோம். ஆசிரியர் குழாயின் பக்கத்தைவிட்டு நகரமாட்டார். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

வாங்கிய டெலஸ்கோப் வீணாகாது. சூரியன் முழுக்க மறைந்தபின் கிழக்கே கார்த்திகைக் கூட்டத்தையும், திருவாதிரைக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தையும் காட்டுங்கள். தெருவிளக்கு இல்லாத நம் ஊர்ப்புற வயல்வெளியிலிருந்து, 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா அண்டம் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும்.

வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறீர்கள், கேட்டபோதெல்லாம் கைகொடுக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் கொஞ்சம் கடுமையாக எழுதினேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மிக்க நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு, விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். வீட்டில் டெலஸ்கோப் இருந்தால், லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்