எழுகடல் தெருவில் கப்பல் வருமா?

அன்பு மகளுக்கு,

சௌக்கியமா? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சின்னவன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குக்கர் விசில் ஒரு பக்கம், உன் அப்பாவின் இருமல் ஒரு பக்கம். "அம்மாச்சி, எழுகடல் தெருவுக்குப் போனேன்னு சொன்னீங்களே, அங்க கப்பல் வருமா?" என்றான். நீ சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். எனக்கு இரண்டு நாளாக அதே நினைப்பு. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கட்டாகிவிடும், அதனால் எழுதுகிறேன். நிதானமாக அவனுக்கு வாசித்துக் காட்டு.

கப்பலாவது ஒன்றாவது. மதுரை மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்துக்கும், கட்டி முடிக்காமலே நின்றுபோன ராயகோபுரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தெரு உனக்கு மறந்திருக்காது. எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தால் பைக்காரர் காலை ஊன்றி நின்றுவிட வேண்டியதுதான். அதற்குப் போய் ஏழு கடல் என்று பெயர். பேர் வைத்தவருக்கு நக்கல் ஜாஸ்தி என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊரில் அதுவும் நடக்கும். மாசி வீதியில் சித்திரைத் தேரை ஓட்டுகிற ஊராயிற்றே!

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கம்மாவோடு பாத்திரம் வாங்கப் போனபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து போனது, பின்னாலேயே செருப்புக்காரரும் ஓடினார். பூ விற்கிற கிழவி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, "ஒரு கடல் வந்திருச்சு தாயி, மீதி ஆறும் வர்றதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க" என்றாள். கடைப்படியில் ஏறி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் விளங்கவில்லை. மழை விடுகிற வரைக்கும் அந்தப் படியில் நின்றுதான் அம்மா கதையைச் சொன்னாள்.

மீனாட்சி கல்யாணம் முடிந்திருந்த சமயம். அவளுடைய அம்மா காஞ்சனமாலையைப் பார்க்க கௌதம முனிவர் வந்தார். தவத்தில் பெரியது எது என்று காஞ்சனமாலை கேட்டாள். தீர்த்தமாடுவது பெரியது, எல்லா ஆறும் போய்ச் சேர்வதால் கடலில் குளிப்பது அதைவிடப் பெரியது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அந்த அம்மாவுக்குக் கடல் ஆசை பிடித்துக்கொண்டது. மதுரையிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமானால் பயணம், பல்லக்கு, பல நாள். அம்மாவை அனுப்ப மீனாட்சிக்கு மனசில்லை. புருஷனிடம் சொன்னாள். "ஒரு கடல் என்ன, ஏழையும் இங்கேயே வரவழைக்கிறேன்" என்றார் சொக்கநாதர். கோயிலுக்குக் கிழக்கே ஒரு குளத்தில் ஏழு கடலும் வந்து விழுந்தன. உப்பு, கரும்புச்சாறு, கள், நெய், தயிர், பால், நல்ல தண்ணீர். இதெல்லாம் கலந்த குளத்தில் குளித்துவிட்டு வந்தால் தலைக்கு எவ்வளவு சீயக்காய் பிடித்திருக்கும் என்று நான் கேட்டேன், அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

மாமியார் ஆசைப்பட்டாள் என்று கடலையே கொண்டுவந்த மாப்பிள்ளை! நம்ம வீட்டு மாப்பிள்ளை போன தடவை என்னை ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, லீவு போதவில்லை என்று ஃப்ளைட் ஏறினார். இந்த வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டாதே.

கதை இன்னும் இருக்கிறது. கடல் வந்தாயிற்று, குளிக்கப் போனால் ஒரு முறை இருக்கிறதாம். புருஷன் கையையோ, மகன் கையையோ, கன்றுக்குட்டி வாலையோ பிடித்துக்கொண்டுதான் முழுக வேண்டும். காஞ்சனமாலையின் புருஷன் மலயத்துவச பாண்டியன் இறந்துவிட்டார், மகனும் கிடையாது. மிச்சம் வால்தான். மீனாட்சிக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் சொக்கநாதரிடம் போனாள். அவர் மலயத்துவச பாண்டியனை வானுலகத்திலிருந்தே வரவழைத்தார். இருவரும் கைகோத்து முழுகினார்கள். கரையேறியதும் விமானம் வந்தது. அதில் ஏறி இருவரும் சிவலோகம் போய்விட்டார்கள். பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் கடலை அழைத்தது 9-வது, மலயத்துவசனை அழைத்தது 10-வது.

அம்மாவை விட்டுப் பிரியக் கூடாது என்று கடலை வீட்டு வாசலுக்கு வரவழைத்தாள் மகள். அந்தத் தண்ணீரில் முழுகித்தான் அம்மா போனாள். எங்கம்மா இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, மழை விட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். எனக்கு அப்போது சீயக்காய்தான் பெரிதாக இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால், அதே தெருவில் காஞ்சனமாலைக்கு இருக்கிற கோயிலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

குளம் இருக்கிறதா என்று சின்னவன் அடுத்துக் கேட்பான். இல்லை. மூடிவிட்டார்கள், மேலே கட்டடம் வந்துவிட்டது. ஏழு கடலில் பெயர் ஒன்றுதான் மிச்சம். அதையும் ஆட்டோக்காரர்கள் "ஏழுகடல்" என்று நீட்டித்தான் சொல்கிறார்கள். ஏழு எழுவாகக் குறுகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதெல்லாம் ஆட்டோவில் செல்லாது.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். சின்னவனுடைய உயரமும் இடுப்பளவும் எழுதி அனுப்பு. புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். சித்திரைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், அழகர் உடுப்பு தைக்கக் கொடுத்து வைக்கிறேன். கடைசி நேரத்தில் போனால் அளவெடுக்கக்கூட ஆள் கிடைக்காது. போன தடவை மாதிரி அளவைக் குறைத்துச் சொல்லாதே, பிள்ளை வளர்ந்திருப்பான்.

அன்புடன்,
அம்மா