கை சூடானால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நைஜீரியாவின் கானோவில் 1996-இல் மூளைக்காய்ச்சல் பரவிய நேரத்தில், 200 பிள்ளைகளை வைத்து ஃபைசர் நிறுவனம் நடத்திய சோதனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று எழுந்த குற்றச்சாட்டும், 2009-இல் போட்ட இழப்பீட்டு ஒப்பந்தமும் மறக்கக் கூடாதவைதான். ஆனால் படித்து முடித்தபோது, ஆப்பிரிக்காவில் ஆய்வு என்றாலே ஏழைப் பிள்ளையைச் சோதனை எலி ஆக்குவது என்ற எண்ணம்தான் மிஞ்சியது. அது எனக்கு உறுத்துகிறது.

முப்பத்தொரு வருஷம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். பாதத்திலிருந்து மேலே கையை ஓட்டினால் முழங்கால்வரை சில்லென்று இருக்கும். நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் சிவக்க மூன்று நான்கு நொடி ஆகும். உடனே நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, 50 மில்லி சிரிஞ்சில் சலைனை இழுத்து இழுத்துத் தள்ளுவோம். இப்படி வேகமாக ஏற்றுவதை போலஸ் என்போம். கொஞ்ச நேரத்தில் கை சூடாகும், நாடி நிமிரும். “பயப்படாதேம்மா, பிடிச்சிக்கிட்டான்” என்று தாயிடம் சொல்வேன். விடியற்காலையில் அதே பிள்ளை போய்விட்டால், கொண்டு வந்ததே லேட் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். சலைன்மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தச் சந்தேகம் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த மருத்துவர்களுக்கு வந்தது. கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ஆறு மருத்துவமனைகளில் ஃபீஸ்ட் என்ற ஆய்வை நடத்தினார்கள். கென்யாவின் கிலிஃபி அதில் ஒன்று. மொத்தம் 3,141 பிள்ளைகள், பாதிக்கு மேல் மலேரியா. ஒரு பிரிவுக்கு சலைன் போலஸ், இன்னொன்றுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல் போலஸ், மூன்றாவது பிரிவுக்கு போலஸே கிடையாது, வழக்கமான அளவில் மெதுவாக ஏறும் டிரிப்ஸ் மட்டும். போலஸ்தான் ஜெயிக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சலைன் போலஸ் பிரிவில் 10.5, ஆல்புமின் பிரிவில் 10.6 சதவீதம். போலஸ் கொடுக்காத பிரிவில் 7.3 சதவீதம். 2011 ஜனவரியில் ஆய்வை முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் தெரிய வந்த ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் போலஸ் போன பிள்ளைகள்தான் தேறியதுபோலத் தெரிந்தார்கள். பிறகு அவர்களில்தான் அதிகம் பேரின் ரத்த ஓட்டம் குலைந்து போனது. நான் தொட்டுப் பார்த்து நம்பிய அந்தச் சூடு என்னை ஏமாற்றியிருக்கிறது. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் ஒரு நர்ஸ் தன் கையால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிரித்து வைத்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய பிள்ளைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இது பொருந்தாது. ஐசியு, வென்டிலேட்டர் இருக்கும் இடத்திலும் பேச்சு வேறு. ஆனால் அவை இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் இறங்காத பிள்ளைக்கு போலஸ் வேண்டாம் என்று 2020-இல் சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

சம்மதம் வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கம் பக்கமாக ஒரு தாளை நீட்டி எந்தத் தாயிடம் கையெழுத்துக் கேட்பது? அப்படித் தவித்த பெற்றோரிடம் முதலில் சுருக்கமாகச் சொல்லி, வாயால் சரி என்றால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை நிலைப்பட்ட பிறகு உட்கார வைத்து முழுதாக விளக்கி எழுத்தில் வாங்கினார்கள். இது சரியா தவறா என்று பேச நிறைய இருக்கிறது, பேசவும் வேண்டும். கானோவை எழுதிய நீங்கள் இதையும் ஒரு கட்டுரையாக எழுதுங்கள்.

போன மாதம் என் தெருவில் இருக்கும் இளம் சிஸ்டர் ஒருத்தி, “ஏம்மா, இப்பல்லாம் சலைனைப் பார்த்துப் பார்த்து விடச் சொல்றாங்க?” என்று கேட்டாள். கிலிஃபி என்றேன். அது எந்த மாநிலம் என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.